“இந்தத் தம்பியா எனக்கு ஆபரேஷன் செய்யப் போறாரு?”

இந்த வாரக் கட்டுரை என் அம்மாவின் பித்தப்பையிலிருந்து தொடங்குகிறது. எழுதுவதற்கு அம்மாவிடம் அனுமதி வாங்கிவிட்டேன்.

அம்மா கிள்ளானில் இருக்கிறார். சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் வலது விலாவுக்குக் கீழே வலி வரும். பல மாதங்கள் ‘வாயு’ என்று சொல்லி ஓமத்தண்ணீர் குடித்தே சமாளித்தார். ஸ்கேன் எடுத்தபோதுதான் பித்தப்பையில் கற்கள் இருப்பது தெரிந்தது. அரசு மருத்துவமனை ஒன்றில் அறுவை சிகிச்சைக்கு நாள் கொடுத்தார்கள். எந்த மருத்துவமனை என்பது இங்கே முக்கியமில்லை.

முதல் நாள் மாலை, ஒப்புதல் பாரத்துடன் ஓர் இளம் மருத்துவர் வார்டுக்கு வந்தார். மீசைகூடச் சரியாக முளைக்காத முகம். அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

“தம்பி, நீங்க படிச்சு முடிச்சிட்டீங்களா?”

“முடிச்சிட்டேன் ஆன்ட்டி. ஹவுஸ்மேனா இருக்கேன்.”

அவசரமாக யாரோ அழைக்க, பாரத்தை வைத்துவிட்டு அவர் போனார். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். “இந்தத் தம்பியா எனக்கு ஆபரேஷன் செய்யப் போறாரு? பெரிய டாக்டர் வரட்டும். அப்புறம்தான் கையெழுத்து.”

எனக்குச் சிரிப்பு வந்தது. போன வருடம் என் சித்தி மகனுக்கு மருத்துவம் படிக்க இடம் கிடைத்தபோது, தெங்கு கிளானா சாலையில் லட்டு வாங்கி அக்கம்பக்கத்து வீடுகளுக்கெல்லாம் கொடுத்தவர் இதே அம்மாதான். அவனும் ஒருநாள் யாருடைய கட்டில் பக்கத்திலாவது இப்படித்தானே போய் நிற்பான்?

ஆனால் பாரத்தைப் படித்ததும் என் சிரிப்பு போய்விட்டது. குறிப்பிட்ட ஒரு மருத்துவர்தான் அறுவை செய்வார் என்ற உறுதி தரப்படவில்லை என்று அதில் ஒரு வரி இருந்தது. வகுப்பில் அறிவியல் பேசும் ஆசிரியை நான். அந்த வரியைப் பார்த்ததும் எனக்கும் அம்மாவின் பயமே வந்தது.

யார் இந்த ஹவுஸ்மேன்?

மருத்துவமனையில் வெள்ளைக் கோட்டு போட்டவர்கள் எல்லாரும் நமக்கு ‘டாக்டர்’தான். உள்ளே பல படிகள் இருக்கின்றன. முதலில் மருத்துவ மாணவர். ஐந்து ஆண்டுப் படிப்பு. பட்டம் வாங்கியதும் ஹவுஸ்மேன், அதாவது பயிற்சி மருத்துவர். நம் நாட்டில் 2008 முதல் இந்தப் பயிற்சி இரண்டு ஆண்டு. அறுவை சிகிச்சை, எலும்பு மருத்துவம், மகப்பேறு, குழந்தை மருத்துவம் என்று ஆறு துறைகளில் நான்கு நான்கு மாதங்கள் வேலை செய்ய வேண்டும். அதை முடித்தால்தான் முழுப் பதிவு கிடைக்கும். அதன் பிறகு மருத்துவ அதிகாரி, எல்லாரும் ‘எம்.ஓ.’ என்பார்கள். அதற்கும் மேல் பல ஆண்டுகள் பயின்ற பிறகே நிபுணர்.

ஹவுஸ்மேன் இரத்தம் எடுப்பார், நோயாளியின் விவரங்களை எழுதுவார். அறுவை அறையில் பெரும்பாலும் உதவியாளர்: வெட்டிய இடத்தை விரித்துப் பிடிப்பார், கேமராவைப் பிடிப்பார், சில நேரம் மூத்தவர் பார்த்திருக்கத் தோலைத் தைப்பார். நிபுணராவதற்குப் படித்துக்கொண்டிருக்கும் எம்.ஓ. இதைவிடப் பெரிய பகுதிகளை, நிபுணரின் மேற்பார்வையில் செய்வார். ஆக, அம்மா பயந்தது தவறான ஆளைப் பார்த்து. அந்தத் தம்பி பித்தப்பையைத் தொடப் போவதே இல்லை. தொடப் போகிறவர் யார், அவருக்கு எவ்வளவு அனுபவம் என்பதை எங்களிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

சில மருத்துவமனைகள் கற்பிப்பதற்காகவே கட்டப்பட்டவை. பிரிக்பீல்ட்ஸ் பக்கம் இருப்பவர்கள் கே.எல். சென்ட்ரலில் எல்.ஆர்.டி. ஏறினால் நான்காவது நிலையம் ‘யுனிவர்சிட்டி’. அங்கிருந்து சிறிது தூரத்தில் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையம். நம் பாட்டிமார் இன்னும் ‘யுனிவர்சிட்டி ஆஸ்பத்திரி’ என்றுதான் சொல்வார்கள். ஒரு காலத்தில் மலாயாவில் மருத்துவராக ஆசைப்பட்டவர்கள், 1905-இல் சிங்கப்பூரில் தொடங்கப்பட்ட மருத்துவப் பள்ளிக்கோ அதைவிடத் தொலைவான ஊர்களுக்கோ போக வேண்டியிருந்தது. 1960களின் தொடக்கத்தில் கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் மருத்துவப் புலம் உருவானது. அதன் முதல் புலத் தலைவர் பேராசிரியர் தம்பு ஜான் தனராஜ். முதல் அணி மாணவர்கள் 1969-இல் பட்டம் பெற்றார்கள். அந்த முதல் அணியின் ஒவ்வொருவருக்கும் ஒரு முதல் நோயாளி இருந்திருப்பார் அல்லவா? அந்த நோயாளிகளின் பெயர்கள் எந்தக் கல்வெட்டிலும் இல்லை.

கை இடப்பக்கம் போனால், கருவி வலப்பக்கம்

பழகாத கை உண்மையிலேயே ஆபத்தா? இதற்கு எண்களிலேயே பதில் இருக்கிறது. அதுவும் பித்தப்பை அறுவையிலிருந்தே.

முன்பெல்லாம் பித்தப்பையை எடுக்க வயிற்றில் நீளமாக வெட்டுவார்கள். 1980களின் பிற்பகுதியில் புதிய முறை பரவியது. வயிற்றில் நான்கு சிறு துளைகள். கரியமிலவாயுவைச் செலுத்தி வயிற்றை உப்ப வைப்பார்கள். ஒரு துளை வழியே கேமரா, மற்றவற்றில் நீண்ட மெல்லிய கருவிகள். மருத்துவர் திரையைப் பார்த்தே வேலை செய்வார். நோயாளிக்கு வலி குறைவு. சீக்கிரம் வீடு திரும்பலாம்.

மருத்துவருக்கோ அது கடினம். நெம்புகோல் பாடத்தை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். கருவி தோலைக் கடக்கும் இடம்தான் சுழல் மையம். கையை இடப்பக்கம் நகர்த்தினால் உள்ளே நுனி வலப்பக்கம் போகும். கையை உயர்த்தினால் நுனி தாழும். கருவியின் மூன்றில் இரண்டு பங்கு உள்ளே இருந்தால், கை ஒரு சென்டிமீட்டர் நகரும்போது நுனி இரண்டு சென்டிமீட்டர் நகரும். கை நடுக்கமும் அதே கணக்கில் பெரிதாகும். போதாததற்குத் திரை தட்டையானது. எது முன்னால், எது பின்னால் என்று கண் தடுமாறும். நம் சிறுமூளை வாழ்நாள் முழுதும் பழகிய கணக்கை மாற்றிப் போட வேண்டும். அதைப் புத்தகம் படித்து மாற்ற முடியாது. தவறு, திருத்தம், மறுபடி தவறு, மறுபடி திருத்தம், அப்படித்தான் மாறும்.

இந்த அறுவையில் வெட்ட வேண்டியது பித்தப்பையின் சிறு குழாயை. அதற்குப் பக்கத்திலேயே கல்லீரலிலிருந்து குடலுக்குப் பித்தநீரைக் கொண்டுபோகும் முக்கியக் குழாய் இருக்கிறது. தவறி அதில் காயம் பட்டால் பெரிய பிரச்சினை. இன்னொரு பெரிய அறுவைகூடத் தேவைப்படலாம்.

இந்தப் புதிய முறையைக் கற்ற 55 அமெரிக்க அறுவை மருத்துவர்கள் செய்த 8,800-க்கும் மேற்பட்ட அறுவைகளை ஆராய்ந்து 1995-இல் ஒரு கட்டுரை வெளிவந்தது. முக்கியக் குழாயில் காயம் பட்டது மொத்தம் 15 பேருக்குத்தான். ஆனால் அந்தக் காயங்களில் சுமார் 90 விழுக்காடு, ஒவ்வொரு மருத்துவரும் செய்த முதல் 30 அறுவைகளுக்குள் நடந்தவை. அவர்களின் கணக்குப்படி முதல் அறுவையில் ஆபத்து 1.7 விழுக்காடு, ஐம்பதாவது அறுவையில் 0.17. அதாவது பத்தில் ஒரு பங்கு.

இதில் என்னை அசர வைத்தது ஒன்று. அந்த 55 பேரும் மாணவர்கள் அல்ல; ஏற்கெனவே தேர்ச்சி பெற்ற அறுவை மருத்துவர்கள். புதிய கருவி வந்ததும் அவர்களும் மறுபடி முதல் வகுப்பில் உட்கார வேண்டியிருந்தது. ‘பெரிய டாக்டர்’ என்றாலே போதும் என்று அம்மா நம்பினாரே, அதுவும் முழு உண்மையில்லை. எந்த வேலையில் பெரியவர் என்று கேட்க வேண்டும்.

பூசணிக்காயில் தொடங்கிய பயிற்சி

அப்படியானால் நோயாளியைத் தொடாமலேயே பழகிக்கொள்ளக் கூடாதா? இந்தக் கேள்வி மிகப் பழையது. இந்தியாவின் பழைய அறுவை நூலான சுசுருத சம்ஹிதையில் இதற்கென்றே ஓர் அத்தியாயம் உண்டு. வெட்டப் பழகுவதற்குப் பூசணி, சுரைக்காய், வெள்ளரிக்காய். இரத்தக் குழாயைக் கீறப் பழகுவதற்கு இறந்த விலங்கின் இரத்தக் குழாயும் தாமரைத் தண்டும். தையல் பழகுவதற்குத் துணியும் மெல்லிய தோலும். கட்டுப் போடப் பழகுவதற்குப் பொம்மை. எவ்வளவு படித்திருந்தாலும் கையால் பழகாதவன் வேலைக்கு ஆகமாட்டான் என்பது அந்த அத்தியாயத்தின் கருத்து.

இன்றும் அதேதான். மாணவர்கள் வாழைப்பழத் தோலில் தையல் போட்டுப் பழகுகிறார்கள். சிலிக்கான் தோல், துளையிட்ட பயிற்சிப் பெட்டி, கணினிப் பாவனைக் கருவி எல்லாம் வந்துவிட்டன. ஆனால் பூசணிக்காய்க்கு இரத்தம் வராது. வாழைப்பழம் மூச்சு விடாது. ஒவ்வோர் உடம்பின் உள்ளமைப்பும் கொஞ்சம் வேறுபடும். கடைசியில் ஓர் உண்மையான மனிதர் படுத்திருக்கும் மேசைக்கு வந்துதான் ஆக வேண்டும்.

அங்கே காப்பாற்றுவது மேற்பார்வை. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வில்லியம் ஹால்ஸ்டெட் ஏற்படுத்திய முறையில், பயில்பவருக்குப் பொறுப்பு படிப்படியாகத்தான் கூட்டப்படும். இன்று உலகமெங்கும் ஏதோ ஒரு வடிவில் அதுவே நடைமுறை.

அது பலிக்கிறதா? 2012-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, பயிற்சி மருத்துவர் பங்கேற்ற சுமார் 40,000 அறுவைகளை, பங்கேற்காத சுமார் 20,000 அறுவைகளோடு ஒப்பிட்டது. இறப்பு விகிதத்தில் வேறுபாடு இல்லை. கடுமையான சிக்கல்களிலும் இல்லை. ஆனால் பயிற்சி மருத்துவர் இருந்தால் அறுவை சராசரியாக 25 நிமிடம் நீண்டது. காயத்தில் சீழ் பிடிப்பது போன்ற சிறு தொல்லைகளும் சற்றுக் கூடுதலாக இருந்தன. இந்த 25 நிமிடத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். கற்றுக்கொடுப்பதற்கு ஒரு விலை உண்டு. அதைக் கொடுப்பவர் நோயாளி.

94-இலிருந்து 18-க்கு

பொதுவாகக் கேட்டால் நோயாளிகள் தாராள மனம் உள்ளவர்கள். அதே 2012-இல் வந்த இன்னோர் ஆய்வில், அமெரிக்க இராணுவ மருத்துவமனை ஒன்றின் 316 நோயாளிகள் கேள்வித்தாளை நிரப்பிக் கொடுத்தார்கள். உங்கள் அறுவையில் பயிற்சியில் உள்ள மருத்துவர் பங்கேற்கலாமா? 94 விழுக்காட்டினர் ‘ஆம்’ என்றார்கள். பிறகு கேள்வியைக் கூர்மையாக்கினார்கள்: உதவி செய்தால் சரியா, அவரே அறுவை செய்தால், மூத்தவர் துணை குறைந்தால் என்று ஒவ்வொரு படியாக. பயிற்சி மருத்துவரின் பங்கு கூடக் கூட ‘ஆம்’ குறைந்துகொண்டே வந்து கடைசியில் 18 விழுக்காட்டில் நின்றது. யார் எவ்வளவு செய்வார் என்பதை முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்பதில் மட்டும் மிகப் பெரும்பாலானோர் ஒரே குரலில் இருந்தார்கள்.

இதைப் படித்துவிட்டு நோயாளிகளை இரட்டை வேடக்காரர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். அதுல் கவாண்டே என்ற அமெரிக்க அறுவை மருத்துவரைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கலாம். இந்தியப் பெற்றோருக்குப் பிறந்தவர், நன்றாக எழுதக்கூடியவர். அவர் மகனுக்குப் பிறவியிலேயே இதயக் கோளாறு. தொடர்ந்து யார் கவனிப்பது என்ற கேள்வி வந்தபோது, பயிற்சியில் இருந்த மருத்துவரை விட்டுவிட்டு மூத்த நிபுணரைத்தான் தேர்ந்தெடுத்தார். நோயாளிகள் மீது பழகித்தான் தானே மருத்துவரானார் என்பதையும் சேர்த்து, 2002-இல் வெளியான தன் நூலில் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். அவருக்குத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு இருந்தது. பணம் கட்டித் தனியார் மருத்துவமனைக்குப் போகிறவருக்கும் இருக்கிறது. மூன்றாம் வகுப்பு வார்டில் படுத்திருக்கும் என் அம்மா போன்றவர்களுக்கு அது குறைவு. இது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

அன்றிரவு என் பழைய மாணவன் ஒருவனுக்குத் தொலைபேசியில் பேசினேன். வேறொரு மருத்துவமனையில் ஹவுஸ்மேன். படிவம் ஐந்தில் தவளை வரைபடத்தை ஒழுங்காக வரையாமல் என்னிடம் திட்டு வாங்கியவன்.

“டீச்சர், முதல் தடவை ஒரு குடல்வால் கேஸ்ல தோல் தைக்கச் சொன்னாங்க. எம்.ஓ. என் மணிக்கட்டைப் பிடிச்சுக்கிட்டாரு. நடுக்கம் நிக்கற வரைக்கும் விடல. நாலு தையல்தான்; அரைமணி நேரம் மாதிரி இருந்துச்சு.”

“நோயாளிக்குத் தெரியுமா?”

கொஞ்சம் யோசித்தான். “அன்னைக்குத் தெரியாதுன்னு நினைக்கிறேன் டீச்சர். இப்ப நானே முன்னாடி போய்ச் சொல்லிடறேன். ‘எத்தனை செஞ்சிருக்கே’ன்னு கேட்கறாங்க. உண்மையைச் சொன்னா முக்கால்வாசிப் பேர் சரிங்கறாங்க. ஒருத்தர் ரெண்டு பேர் வேணாம்பாங்க. அப்ப மனசு கஷ்டமா இருக்கும். ஆனா அது அவங்க உடம்பு.”

கேட்பது நம் உரிமை

அவன் சொன்னதற்குச் சட்டத்தின் துணையும் உண்டு. நம் நாட்டில் இதன் பக்கத்தில் வரும் வழக்கு ஃபூ ஃபியோ நா வழக்கு. 1982-இல் கார் விபத்தில் கழுத்தெலும்பு விலகிய ஒரு பெண், அறுவைக்குப் பின் உடல் செயலிழந்தார். அந்த ஆபத்தைப் பற்றித் தன்னிடம் முன்பே சொல்லவில்லை என்பது அவர் வாதங்களில் ஒன்று. வழக்கு கூட்டரசு நீதிமன்றம் வரை போய், 2006 டிசம்பரில்தான் தீர்ப்பு வந்தது. விபத்து நடந்து 24 ஆண்டுகள்! எதைச் சொல்ல வேண்டும் என்பதை மற்ற மருத்துவர்களின் வழக்கத்தை வைத்து மட்டும் முடிவு செய்ய முடியாது. அந்த நோயாளிக்கு எது முக்கியமாகப் படுமோ அந்த ஆபத்தைச் சொல்ல வேண்டும் என்ற கொள்கையை நீதிமன்றம் ஏற்றது. அது பயிற்சி மருத்துவரைப் பற்றிய வழக்கு அல்ல. ஆனால் பேனா பிடித்துக் கையெழுத்துப் போடுவது மட்டும் ஒப்புதல் ஆகாது என்பதற்கு இதைவிட வலுவான சான்று நம்மிடம் இல்லை. பிரிட்டனின் பொது மருத்துவ மன்றம் 2008-இல் வெளியிட்ட வழிகாட்டி இன்னும் நேராகவே சொன்னது: சிகிச்சையில் யார் யார் ஈடுபடுவார்கள், மாணவர்களின் பங்கு எவ்வளவு என்று சொல்ல வேண்டும், கற்பித்தலுக்கு உடன்பட மறுக்கவும் நோயாளிக்கு உரிமை உண்டு.

உங்களில் பெரும்பாலோருக்கு 18 வயது ஆகவில்லை. உங்களுக்காகப் பெற்றோர்தான் கையெழுத்திடுவார்கள். ஆனால் தாத்தா பாட்டியோடு மருத்துவமனைக்குப் போய், மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்கும் பாரத்தைப் படித்து விளக்குவது பல வீடுகளில் நீங்கள்தானே? மயக்க மருந்து கொடுத்த பிறகு யாரும் எதையும் கேட்க முடியாது. அதனால் கேட்க வேண்டிய நேரம் முதல் நாள் மாலை.

மறுநாள் காலை நிபுணர் வந்தார். நாற்பது வயதிருக்கும் மலாய்ப் பெண்மணி. கூடவே எம்.ஓ.வும் அந்தத் தம்பியும். அம்மாவின் கேள்விகளை நான் மலாயில் சொன்னேன். அந்தத் தம்பி என்ன செய்வார்? கேமரா பிடிப்பார். யார் வெட்டுவார்கள்? எம்.ஓ. தொடங்குவார், முக்கியக் குழாய்க்குப் பக்கத்தில் நிபுணரே செய்வார். நீங்கள் எங்கே இருப்பீர்கள்? “முழு நேரமும் எதிர்ப்பக்கம் நிற்பேன்” என்றார். அம்மா ஒரு நிமிடம் பேசவில்லை. பிறகு தம்பியைப் பார்த்து, “கேமராவை ஆட்டாம பிடிப்பா” என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். அவர் முகம் சிவந்துவிட்டது.

அறுவை நல்லபடியாக முடிந்தது. ஒரு வாரம் கழித்துத் தொப்புள் அருகிலிருந்த சிறு காயத்தில் லேசாகச் சீழ் வைத்தது. கிளினிக்கில் ஐந்தாறு நாள் கட்டு மாற்றினோம். பழகும் கையால் வந்ததா, நேரம் நீண்டதால் வந்ததா, அம்மாவுக்கு இருக்கும் சர்க்கரையால் வந்ததா? ஒரே ஒரு நோயாளியை வைத்து அதைச் சொல்லவே முடியாது. அதற்குத்தான் ஆயிரக்கணக்கானோரை ஒப்பிடும் ஆய்வுகள் வேண்டியிருக்கின்றன. பக்கத்து வீட்டு அக்கா மட்டும், “நான் அப்பவே சொன்னேன்” என்றார்.

வீட்டில் செய்து பாருங்கள்

மூடியுள்ள ஒரு காலணிப் பெட்டி. மூடியில் இரண்டு சிறு துளைகள், அவற்றில் இரண்டு சாப்ஸ்டிக். பெட்டியின் பக்கவாட்டில் ஒரு சன்னல் வெட்டி, உள்ளே வெளிச்சம் படும்படி செய்யுங்கள். சன்னலுக்கு எதிரே கைத்தொலைபேசியை நிறுத்திக் கேமராவைத் திறந்து வையுங்கள். உள்ளே இரண்டு போத்தல் மூடிகள், ஒன்றில் பத்துப் பட்டாணி. திரையை மட்டும் பார்த்து, பட்டாணியை ஒரு மூடியிலிருந்து மற்றதற்கு மாற்றுங்கள். நேரத்தைக் குறியுங்கள், கீழே விழுந்த பட்டாணியையும் எண்ணுங்கள். ஒரு நாளைக்கு மூன்று முறை, பத்து நாள். கிடைமட்ட அச்சில் முயற்சியின் எண், செங்குத்து அச்சில் நிமிடம் என்று வரைபடம் வரையுங்கள். பிறகு உங்கள் வளைகோடு எந்த முயற்சியில் தட்டையாகத் தொடங்குகிறது என்று பாருங்கள்.

போன ஞாயிறு அம்மாவும் முயன்றார். முதல் தடவை பதினோரு நிமிடம். ஒரு பட்டாணி சன்னல் வழியாகத் தெறித்து சோபாவுக்கு அடியில் போனது. இன்னும் கிடைக்கவில்லை.